முகட்டில் போட்ட தையல்

வீட்டைப் பங்கு பிரிப்பார்கள், தெரியும். அண்டா, ஆட்டுக்கல், அம்மி என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள், அதுவும் தெரியும். வலையைக் குறுக்கே அறுத்துப் பங்கு பிரித்தவர்கள் இந்தப் பாம்பன் கரையிலேயே எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும்தான்.

மாமனார் வேதமுத்து இறந்து, முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அது நடந்தது. அவர் கைப்படப் பின்னி முடிந்த பெரிய வலை. அதை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. மூத்தவர் சகாயம், வலை அண்ணனிடம்தான் இருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அருளானந்தம், கடைசிவரை அய்யாகூடக் கடலுக்குப் போனது நான்தான் என்றார். பேச்சு முற்றி, என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்த கத்தியை உருவி, தெருவே பார்க்க வலையை நடுவில் அறுக்க ஆரம்பித்தார். மூத்தவர் தடுப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போய், வெட்டு கோணாமல் நேராக வரட்டும் என்று மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

அரை வலையை வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போக முடியாது. இரண்டு பேரும் மற்றவர்கள் வள்ளத்தில் ஆளாகப் போனார்கள். வீட்டுக்கு நடுவே, முகட்டுக்கு நேர் கீழே ஓலைத்தட்டி வந்தது. கூரையின் வடசரிவு அவர்களுக்கு, தென்சரிவு எங்களுக்கு. நானும் மூத்தவர் சம்சாரம் அற்புதம்மாளும் அதுவரை ஒரே அடுப்பில் ஆக்கியவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். பேச்சு மட்டும் தட்டியைத் தாண்டாது.

நான் கரைக்காரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சிக்கல் பக்கம், கண்மாய்த் தண்ணீரும் மாடும் கன்றுமாக இருந்த கிறிஸ்தவ வேதக்கார வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை மாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார். ஆசையாக இருந்தாலும் அதுதான், கோபமாக இருந்தாலும் அதுதான். வலை முடிச்சை மாமனார் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். என் கை கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சைத்தான் போடும். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்குப் பிள்ளை இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் அற்புதம்மாளுக்கு வயிறு வளர்ந்தது எனக்குத் தெரியும். அந்த மார்கழியில் பிள்ளை பிறந்தபோது முதல் அழுகையைத் தட்டி வழியாகக் கேட்டேன். ஆண்பிள்ளை என்று மருத்துவச்சி சொன்னதையும் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு இருந்த கவலையே வேறு. மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது எங்கள் வழக்கம். "அய்யா பேரை அவன் எடுத்துக்கிருவான்" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினார். வராத பிள்ளைக்கு அந்தப் பேரைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார் போல. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் என்று ஏற்பாடு.

அதற்குள் காற்று வந்துவிட்டது.

தனுஷ்கோடியைத் தின்ற பெரிய புயலுக்குச் சில வருஷம் முந்தியது இது. வடக்கே இருந்து வருகிற வாடைக்காற்று இரண்டு நாளாகவே ஒரு மாதிரியாக முக்கி முனகிக்கொண்டிருந்தது. வடகடலில் நிறுத்திய வள்ளங்களை அப்படியே விட்டால் கரையில் மோதி உடையும். அந்த மாதிரிச் சமயத்தில் அவற்றை ரயில் பாலத்துக்கு அடியில் கால்வாய் வழியாகத் தென்கடலுக்குக் கொண்டுபோய் ஒதுக்குவார்கள். விடிந்ததும் ஆண்கள் எல்லோரும் அந்த வேலைக்குக் கிளம்பினார்கள். மூத்தவர் போவதற்கு முன் தன் அரை வலையை வடசரிவின் மேல் வீசிப் போட்டு, கீழ்க்கயிற்றை முளையடித்துக் கட்டினார். கரையில் எல்லோரும் செய்வதுதான். ஓலைக்கூரை பறக்காமல் வலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், வலையில் கோத்த ஈயக்குண்டுகளே கனம் கொடுக்கும்.

என் வீட்டுக்காரர் எங்கள் பாதி வலையை அப்போதுதான் பட்டைச் சாயத்தில் ஊறப்போட்டுக் காயவைத்து எடுத்திருந்தார். சாக்கில் சுற்றிப் பெரிய ஓலைக் கடகத்தில் வைத்து, அதன்மேல் இன்னொரு சாக்கைப் போட்டு மூடினார்.

"வாடை நம்ம பக்கத்த அடிக்காது. வலைய வெளிய எடுக்காத. அவங்க கூரை பறந்தாலும் எடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலைக் கஞ்சி குடிப்பதற்குள் காற்றின் சத்தம் மாறிவிட்டது. மழை நேராக விழவில்லை, படுக்கையாக வந்தது. பக்கத்து வீட்டு ஜெபமாலை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, கோயிலுக்குப் போய்விடுவோம், கல் கட்டடம் அது ஒன்றுதான், பள்ளத்தில் கடல்தண்ணீர் ஏறுகிறது என்றாள். நான் கிளம்பிவிட்டேன். வாசலைத் தாண்டியும் விட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதது.

அற்புதம்மாளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை, காய்ச்சல் வேறு என்று மருத்துவச்சி சொன்னது தட்டி வழியாக என் காதில் விழுந்திருந்தது. எழுந்து நடக்க முடியாது. கோயிலுக்குப் போகிற பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் காற்றில் போவது நடக்கிற காரியம் இல்லை என்று ஜெபமாலைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ போ என்று அவளை அனுப்பினேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வந்தது கோபம். நான் போய்விடுவேன் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கூப்பிடாமல் படுத்திருக்கிறாளே, அவ்வளவு வீம்பா என்ற கோபம். அந்தக் கோபத்திலேயே தட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்து எறிந்துவிட்டு அவள் பக்கம் போனேன். வருஷம் முழுக்க இடையில் நின்றது அவ்வளவு லேசாகக் கையோடு வந்தது.

அவள் பிள்ளையை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு, முட்டிக்கால் போட்டுக் குனிந்திருந்தாள். மேலே பார்த்தேன். முகட்டில் வானம் தெரிந்தது.

எங்கே கோளாறு என்று கடல் தெரியாத எனக்கே விளங்கிற்று. முழு வலையாக இருந்தால் முகட்டைத் தாண்டி இரண்டு சரிவையும் சேர்த்துப் பிடிக்கும். அரை வலை வடசரிவோடு நின்றுவிட்டது. கீழே முளையில் கட்டியிருந்தது, மேலே அதைப் பிடிக்க ஒன்றும் இல்லை. காற்று முகட்டில் விரலை நுழைத்து, வலையையும் ஓலையையும் சேர்த்து உரித்துக்கொண்டிருந்தது. நான் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, ஓட்டை வழியாகக் கையை விட்டு வலையின் மேல்கயிற்றைப் பிடித்தேன். அதில் கோத்த மிதப்புக் கட்டைகள் முகத்தில் அடித்தன. எப்படியோ இழுத்து, நடுத்தூணில் கன்றுக்குட்டி முடிச்சாகப் போட்டுக் கட்டினேன்.

அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. வாசலுக்கு மேல் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை பறந்துபோயிற்று. மெழுகுதிரி எரியவில்லை. கூரை ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே எழும்பும், கயிறு கிறீச்சிடும், திரும்ப உட்காரும். நான் எங்கள் வலைக் கடகத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான். அற்புதம்மாள் என்னைப் பார்த்தாள், கடகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருப்பேன்.

பிறகு வேறொன்றைக் கேட்டாள்.

"சந்தனம், ஒரு கை தண்ணி ஊத்திரு. பிள்ளை வேதத்துல சேராமப் போயிரக் கூடாது."

சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். எங்கள் வேதத்தில் அதற்கு இடம் உண்டு. அவள் என்னிடம் கேட்டது அதைத்தான். தண்ணீர் ஊற்றினால் இந்தப் பிள்ளை செத்துப்போகும் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி.

"ஊத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாமியார் ஊத்துவார். சும்மா கிட" என்றேன்.

அவள் அழுதாள். நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கடலில் இருக்கிறாரா, கரை ஏறினாரா தெரியாது. அவள் வீட்டுக்காரரும் அப்படியே. அம்மா, மாதாவே என்று கூப்பிட்டால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இதுதான் முடிவு என்று மனசுக்குள் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் பழைய ஞாபகமெல்லாம் வரும் என்பார்கள். எனக்கு அடுப்பில் விட்டுவந்த கஞ்சிதான் ஞாபகத்துக்கு வந்தது.

காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சில் எழுந்து போன மாதிரி நின்றுவிட்டது. காது இரண்டும் அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று தேடினேன். பிள்ளை பால் குடிக்கிற சத்தம். காலையிலிருந்து உலகம் இடிந்துகொண்டிருந்த அந்த வீட்டில் இப்போது அது ஒன்றுதான் கேட்டது.

கதவை நகர்த்தி வெளியே வந்தேன். உச்சி வெயில் அடித்தது. தலைக்கு மேலே வானம் கழுவிவிட்ட நீலம். சுற்றிலும் தூரத்தில் மட்டும் கறுப்பு மேகம் சுவர் வைத்த மாதிரி நின்றது. ஈர மணலில் ஆவி எழும்பியது. முற்றம் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. துணி பறந்து வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போனால், பறவைகள். ஆலாக்கள், கடற்காகங்கள், பேர் தெரியாத கறுப்புப் பறவைகள் சில. ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. நான் நடுவில் நடந்து போனேன், ஒன்றுகூட எழும்பவில்லை. ஒன்றைக் குனிந்து தொட்டேன். இறகுக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

அற்புதம்மாள் தவழ்ந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை. அன்றைக்குத்தான் அதன் முகத்தைப் பார்த்தேன். மாமனாரின் அகன்ற நெற்றி அப்படியே இருந்தது, புருவம் மட்டும் இன்னும் முளைக்கவில்லை. நான் அடுப்பைத் தோண்டி, சுள்ளிக்கு எங்கே போவது என்று தேடி, பிய்த்துப் போட்ட தட்டியின் நடுவே நனையாமல் தப்பிய மட்டையையே ஒடித்து எரித்துக் கருப்பட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தேன். ஒரே சட்டியில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை இதுதான்: "மாதாவே, எங்க வலை நனையல, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அற்புதம்மாள் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. புருஷன்மார் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது, முகட்டு ஓலை போயிற்று, பறவைகள் சாகிற நிலையில் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வெயில் முதுகில் பட்டது. கையில் சூடான சட்டி. உயிரோடு இருப்பது இவ்வளவு ருசியானதா என்று இருந்தது.

கடகத்திலிருந்த எங்கள் வலையைப் பிரித்து உதறிக் காற்றாடப் போடலாம் என்று எழுந்தேன். அப்படியே நடுத்தூணில் போட்ட முடிச்சையும் அவிழ்த்துவிட்டால், வடசரிவு வலையை அவள் மடித்து வைத்துக்கொள்வாள். ஆண்கள் வரும்போது எல்லாம் பழையபடி அவரவர் இடத்தில் இருக்கும். முடிச்சில் கை வைத்துவிட்டேன்.

"பறவை ஏன் போகல சந்தனம்?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. தொண்டிப் பக்கம் அவள் பிறந்த ஊரில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படித்தான் காற்று நின்று வெயில் அடித்ததாம். அவள் அய்யாவும் நாலைந்து பேரும் வள்ளம் தப்பிற்றா என்று பார்க்கக் கடற்கரைக்கு இறங்கினார்களாம். அவர்கள் திரும்பவில்லை.

"காத்து போகல. திரும்புது. இனிமே தெக்க இருந்து வரும். இதைவிடப் பெருசா வரும்" என்றாள்.

தெற்கு என்றால் எங்கள் சரிவு. வலை போடாத சரிவு. கோயிலுக்குப் போகலாம் என்றால் பள்ளத்தில் இப்போது கழுத்தளவு தண்ணீர்.

என் வீட்டுக்காரரின் வலையை மட்டும் தென்சரிவில் போட்டால் போதாது, அதுவும் அரை வலைதான், வடபக்கத்தை உரித்த மாதிரி முகட்டில் உரித்துவிடும். இரண்டையும் முகட்டில் சேர்த்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடிக்கும். அவள் சொன்னதும் நான் கடகத்தைப் பார்த்தேன். எடுக்காதே என்று அவர் சொன்னது காதில் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று சாக்கை உருவிக் கடகத்துக்குள்ளேயே எறிந்தேன்.

வயக்காட்டுக்காரிக்குக் கூரை ஏறத் தெரியும். வைக்கோற்போரில் ஏறி வளர்ந்த உடம்பு. நான் முகட்டில் போய்க் குதிரை மேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தேன். அற்புதம்மாள் கீழே நின்று வலையைச் சுருள் சுருளாகத் தூக்கிக் கொடுத்தாள். அவள் காலடி மணலில் ரத்தம் சொட்டியதை மேலிருந்து பார்த்தேன். போய்ப் படு என்று கத்தினேன். கேட்கவில்லை. இடுப்புப் புடைவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த சுருளைத் தூக்கினாள்.

தைக்க நூல் வேண்டுமே. மூத்தவர் வீட்டில் இருந்த கயிறெல்லாம் வள்ளத்தோடு போயிருந்தது. எங்கள் பக்கமும் அப்படியே. அவள் உள்ளே போய், பிள்ளைக்குக் கட்டியிருந்த தொட்டிலை அவிழ்த்தாள். புதுக் கயிறு, மூத்தவர் ஆசையாக வாங்கி வந்தது. வாசலில் உட்கார்ந்து பல்லால் கடித்துப் புரி புரியாகப் பிரித்து மேலே எறிந்தாள்.

வலை முடிச்சு எப்படிப் போடுவது என்று கீழிருந்து சொன்னாள். மேலே கொண்டு வா, வளைத்து எடு, உள்ளே விடு. எனக்குக் கை வரவில்லை. தெற்கே மேகச் சுவர் கிட்ட வந்துகொண்டிருந்தது. பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தெற்குப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தன. தெரிந்த முடிச்சையே போட்டேன். கண்ணுக்குக் கண் இழுத்து, கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது, அவிழ்க்க மட்டும் வராது. என் அய்யா சொல்வார், பசு துள்ளினால் தும்புக் கயிறுதான் ஜெயிக்கணும் என்று.

கீழே குதித்து முளையடித்துக் கீழ்க்கயிற்றைக் கட்டி முடிக்கும்போது வெயில் போயிற்று.

அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல எனக்குப் பேச்சு போதாது. காலையில் அடித்ததை நான் புயல் என்று நினைத்திருந்தேன். தென்கடல் எழுந்து முற்றத்துக்கே வந்தது. மேல்தெருவில் யார் வீட்டுக் கூரையோ முழுசாக எங்கள் வாசலைத் தாண்டிப் பறந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். கதவு போயிற்று. கதவு போன வழியாகப் பறவைகள் உள்ளே வந்தன, தத்தித் தத்தி, சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிற மாதிரி. உரலைச் சுற்றி, அடுப்பைச் சுற்றி, எங்கள் காலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. தண்ணீர் உள்ளே ஏற ஏற அவையும் மேலே மேலே ஏறின.

மேலே முகட்டுத் தையல் வில்லாக வளைந்தது. காற்று தென்சரிவைத் தூக்கினால் வடபக்கத்து வலை அதை இழுத்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் விடவில்லை. அந்த அண்ணன் தம்பி செய்யாததை அந்த இரண்டு அரை வலை செய்தது.

அற்புதம்மாள் தூணோடு சாய்ந்தபடியே நினைவு தப்பிவிட்டாள். கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், பதில் இல்லை; மூச்சு மட்டும் இருந்தது. அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கினேன். உடம்பு சில்லென்று இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அழவும் இல்லை.

காலையில் மாட்டேன் என்றவள் நான். இப்போது கேட்க ஆள் இல்லை. நான்தான் இருந்தேன். முகட்டுத் தையல் வழியாக மழைத்தண்ணீர் நூலாக ஒழுகியது. கையைக் குவித்து அதைப் பிடித்தேன். ஊற்றும்போது பேர் சொல்ல வேண்டும். என்ன பேர்? எனக்கு வேறு பேர் வரவில்லை. என் வீட்டுக்காரர் வராத பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த பேரை, என் வயிற்றுக்கென்று இருந்த பேரை, இந்தப் பிள்ளை தலையில் ஊற்றினேன். வேதமுத்து என்று சொன்னேன். பிதா சுதன் பேரைச் சொல்லி மூன்று தடவை ஊற்றினேன். அப்போது அழுதேன். நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது.

அழுது முடித்ததும் பயம் இல்லை. இது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூரை போனால் போகட்டும், இந்த ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்று ஆகிவிட்டது. வலையைச் சுற்றி வைத்திருந்த சாக்குகள், உரல்மேல் ஏற்றி வைத்த கடகத்துக்குள் காய்ந்து கிடந்தன. அதற்குத்தான் அவர் அவ்வளவு பத்திரம் பார்த்தாரோ என்னவோ. ரவிக்கையை அவிழ்த்துப் பிள்ளையை வெறும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சாக்கால் அதையும் என்னையும் சேர்த்துச் சுற்றினேன். அற்புதம்மாளின் தலையை என் தொடையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஓர் ஆலா வந்து என் தோளில் உட்கார்ந்தது. உட்காரட்டும் என்று விட்டேன். உலகமே அலறிக்கொண்டிருந்தது. என் நெஞ்சுக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு மெதுவாகச் சூடேறி, அடித்து, அடித்து, கடைசியில் கோபமாக ஒரு தடவை அழுதது. அற்புதம்மாள் அந்தச் சத்தத்துக்குக் கண் விழித்தாள்.

மறுநாள் விடிந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. பறவைகள் ஒன்றொன்றாக வாசல் வரை நடந்து போய்ப் பறந்தன. எழுந்திருக்காதவையும் சில இருந்தன. எங்கள் தெருவில் கூரையோடு நின்ற வீடு எங்களுடையது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் முதலில் வந்தார். தென்கடலில் ஒதுக்கிய வள்ளங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வாடைக்கு மறைவு என்று போய், திரும்பிய காற்றின் வாயிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆட்கள் ஓடிப்போய் ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் புகுந்து தப்பியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கொட்டகையில்தான் இருந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு மூலை. வீடு போயிருக்கும், பெண்டாட்டி போயிருப்பாள் என்று இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். தனித்தனியாக.

அவர் என்னைப் பார்த்தார். உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும் முகம் கோணியது, அழப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கண் கூரைக்குப் போயிற்று. சாயம் போட்ட அவர் வலை, ஓலையும் பாசியுமாகக் கிழிசலோடு கிடந்தது. தண்ணீர் அடித்து வந்து ஒதுக்கிய பீப்பாயைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, முகட்டின் முனையை எட்டிப் பார்த்தார். முடிச்சைப் பார்த்ததுமே யார் போட்டது என்று தெரிந்துவிட்டது.

"ஏன்டி மாட்டுக்காரி, யாரைக் கேட்டு அவன் வலையோட சேத்துத் தச்ச?"

அவர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். அவிழவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறி, காற்று இழுத்து இறுக்கிய முடிச்சு. நகம் உடைந்தது. அப்போதுதான் மூத்தவர் சகாயம் வந்து முற்றத்தின் ஓரத்தில் நின்றார். தம்பி நிற்பதைப் பார்த்ததும் கிட்ட வரவில்லை. அவரைப் பார்த்ததும் இவருக்கு வீம்பு ஏறிற்று. இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். வலையை அறுத்த அதே கத்தி.

எனக்குப் பாய்ந்து கடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அற்புதம்மாள் எழுந்தாள். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. புருஷன் பக்கம் திரும்பவில்லை. நேராக என் வீட்டுக்காரரிடம் போனாள்.

"தம்பி, என்னால நிக்க முடியல. இவனைக் கொஞ்சம் பிடிங்க" என்று பிள்ளையை நீட்டினாள்.

நீட்டியதை வாங்காமல் இருக்க முடியாது, விட்டால் விழுந்துவிடும். அவர் பீப்பாயை விட்டு இறங்கி இடக்கையை நீட்டினார். பிறந்து ஒரு வாரம் ஆகாத பிள்ளை. கழுத்து நிற்காது. தலை அவர் கையிலிருந்து பின்னால் சாய்ந்தது. அவருக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கமும் இல்லை. பதறிப் போய் வலக்கையையும் கொடுத்தார். கத்தி மணலில் விழுந்தது.

இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்திக்கொண்டு, அசையப் பயந்துகொண்டு நின்றார். பிள்ளை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அந்த நெற்றியை அவரும் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

"பேரு என்ன?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வேதமுத்து. நான்தான் தண்ணி ஊத்துனேன்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தாடை ஆடியது. பிள்ளை காலை உதைத்தது, அவருக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. முற்றத்து ஓரத்தில் நின்ற மூத்தவரைப் பார்த்து, வலையை அறுத்த நாளிலிருந்து பேசாத வாயால் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்கன வா. வந்து அய்யாவைப் பிடி. தலை நிக்க மாட்டேங்குது."

மூத்தவர் வந்தார். இரண்டு பேரும் நாலு கையால் ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு நின்றார்கள். அற்புதம்மாளை நான் தாங்கி உட்காரவைத்தேன். அவளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும், கோயிலுக்கு ஆள் அனுப்பி மருத்துவச்சியைக் கூப்பிட வேண்டும், ஆயிரம் வேலை கிடந்தது. போகிற வழியில் குனிந்து அந்தக் கத்தியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இவர்களை நம்ப முடியாது.

இன்றைக்கும் நான் மீன் அறுப்பது அந்தக் கத்தியால்தான்.